பாக்கெட்டுக்குள் இரண்டு கைகள்

என் தம்பிக்குத் திறக்க முடியாத பூட்டு இந்த ஊரிலேயே கிடையாது. ஆனால் அவன் எதையும் திறக்கக் கூடாது என்பது சட்டம். திறக்க எனக்குச் சட்டத்தில் அனுமதி உண்டு. ஆனால் எனக்குத் திறக்க வராது. இப்படி ஒரு லட்சணத்தில்தான் நாங்கள் அக்காவும் தம்பியும் பூட்டுக்கடை நடத்திக்கொண்டிருந்தோம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில், பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்த என் தம்பியின் சட்டைப் பாக்கெட்டிலிருந்து போலீஸ் ஒரு கஞ்சாப் பொட்டலத்தை எடுத்தது. என் கட்டைவிரல் பருமன்கூட இருக்காது. யாரோ கூட்டாளி வைத்துவிட்டான், பாவம் இவனுக்கு ஒன்றுமே தெரியாது என்றெல்லாம் நான் கதைவிட மாட்டேன். அவனுடையதுதான். அவனே வாங்கியது, அவனே புகைக்க வைத்திருந்தது. முட்டாள் பயல்.

அந்தக் காலத்துச் சட்டத்துக்குச் சின்னப் பொட்டலம், பெரிய மூட்டை என்று பேதம் தெரியாது. வைத்திருந்தாயா, உள்ளே போ. ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று அப்பா பெருமூச்சு விட்டார். எங்கே போனது? சிறை ஆறு மாதத்தில் முடிந்தது, ரெக்கார்டு முடியவே இல்லை. வாடகைக்கு வீடு கேட்டால் அது முன்னால் போய் நின்றது. பெண் கேட்டால் அதுவும் கூடவே வந்தது. எல்லாவற்றுக்கும் மேல், போதைப்பொருள் வழக்கில் தண்டனை வாங்கியவனுக்குப் பூட்டுத் திறக்கும் லைசென்ஸ் கிடையாது. கடைக்குள் உட்கார்ந்து சாவி வெட்டலாம். அடுத்தவர் வீட்டுக் கதவில் கை வைத்தால் மறுபடி குற்றம்.

அப்பா போன பிறகு கடையை மூடுவதா, இல்லை நான் லைசென்ஸ் வாங்குவதா என்று வந்தது. வாங்கினேன். எழுத்துத் தேர்வில் நானே தேறினேன். கைவேலைத் தேர்வுக்கு அவன் சமையலறை மேஜையில் உட்கார வைத்து மாதக்கணக்கில் பழக்கினான். பரீட்சைப் பூட்டு ஒன்றை மட்டும் எப்படியோ திறந்துவிட்டேன். அதற்குப் பிறகு உருப்படியாகத் தனியே ஒன்றும் திறந்ததில்லை.

அதனால் எங்களுக்கு ஒரு வழி வைத்துக்கொண்டோம். வெளியிலிருந்து அழைப்பு வந்தால் பையை எடுத்துக்கொண்டு நான் போவேன். போனைக் காதில் மாட்டிக்கொள்வேன். கடையில் உட்கார்ந்தபடியே அவன் சொல்லுவான்.

"அக்கா, திருகுக் கம்பியை ரொம்ப அழுத்தாத. இப்ப ஊசிக் கம்பியை உள்ள விடு. பூட்டுக்குள்ள கடைசி முள்ளுல என்ன சத்தம் கேக்குது?"

"ஒரு மண்ணும் கேக்கல."

"போனைக் கதவுகிட்ட வை."

வைப்பேன். ஊர்க்கோடியில் இருந்து அவன் கேட்பான். "மூணாவது முள்ளு மாட்டிக்கிச்சு. ஒரு மயிரிழை விட்டுக்குடு. அவ்வளவுதான். இப்ப திருப்பு." கதவு திறக்கும். வாடிக்கையாளர்கள் என்னைக் கைராசிக்காரி என்பார்கள். போனில் புருஷனிடம் சண்டை போட்டுக்கொண்டே பூட்டுத் திறக்கிறவள் என்றும் சொல்வார்கள், ஏனென்றால் நான் போனில் திட்டாமல் ஒரு பூட்டையும் திறந்ததில்லை.

பெரிய வேலைகளுக்கு அவனும் கூட வருவான். வந்தால் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு சுவரோரம் நிற்பான். யாரும் பின்னால் 'அவன்தான் தொட்டான்' என்று சொல்லிவிடக் கூடாது. நாளாக ஆக அது பழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில்கூட அப்படித்தான் நிற்பான். பார்க்கிறவர்கள் திமிர் பிடித்தவன் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது சட்டம் மாறிவிட்டது. அந்த அளவுப் பொட்டலத்துக்கு இன்றைக்கு அபராதம் மட்டும்தான், சிறை இல்லை. பழைய சட்டத்தில் மாட்டியவர்கள் மனுப் போட்டால், நீதிபதிக்குத் திருப்தியானால், ரெக்கார்டை அழித்துவிடலாம். தள்ளுபடியானால் அடுத்த ஐந்து வருஷத்துக்கு மறுபடி மனுப் போட முடியாது. ஐந்து வருஷம் காத்திருக்க என் விரல்கள் தயாராக இல்லை. மூட்டெல்லாம் வீங்கிப்போய், காலையில் எழுந்தால் காபிக் கோப்பையைப் பிடிப்பதே பெரும்பாடு. 'இனி ஊசிவேலையெல்லாம் வேண்டாம்மா' என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கை ஓய்ந்தால் கடையும் ஓயும். அவன் கைக்கு விடுதலை வர வேண்டும். அதுதான் எங்களுக்கு இருந்த ஒரே வழி.

விசாரணை நாள் காலை. அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், நான் இருப்பதிலேயே நல்ல சேலையில். கடையைப் பூட்டப் போன நேரத்தில் தெருமுனை மாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தாள். எங்கள் கடைக்கு எதிரே தையல் மெஷின் போட்டிருப்பவள்.

"அக்கா! கதவு சாத்திக்கிச்சு! துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். பாப்பா உள்ள இருக்கா. அடுப்புல பால்!"

தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. இந்த மாதிரிக் கதவுகளைக் கண்டுபிடித்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவனும் பின்னாலேயே ஓடி வந்தான், கை பாக்கெட்டில்.

மூன்றாவது மாடி. இரும்புத் தகடு அடித்த கதவு, ஜன்னலெல்லாம் கம்பி. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிட்டார்கள், அது எங்கேயோ நெரிசலில் நிற்கிறது என்றார்கள். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. கதவிடுக்கில் கருகல் நாற்றம் வர ஆரம்பித்திருந்தது. நான் மண்டியிட்டுத் திருகுக் கம்பியைச் செருகினேன்.

"மெதுவா, அக்கா," என்றான் சுவரோரத்திலிருந்து. "உனக்கு எல்லாம் தெரியும். மூச்சு விடு. முதல் முள்ளு."

"தெரியும்டா, தொணதொணக்காத!"

"அழுத்தாத, அழுத்தாத, அக்கா, அழுத்..."

அழுத்திவிட்டேன். வீங்கிப்போன விரலுக்கு எங்கே அளவு தெரிகிறது? ஊசிக் கம்பியின் முனை பூட்டுக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், எனக்கோ கோணல் என்று சொல்லக்கூட ஒன்றும் மிச்சமில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே அழுகை நின்று, இருமல் கேட்டது. அந்தத் தாய் கதவில் தலையை முட்டிக்கொண்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் நின்றவனின் பாக்கெட்டுக்குள் இரண்டு கைகளும் துடித்துக்கொண்டிருந்தன.

"பாக்கெட்லேர்ந்து கையை எடுடா, பாவி!" என்று கத்தினேன்.

எடுத்தான். என்னைத் தோளால் நகர்த்திவிட்டு உட்கார்ந்தான். பையிலிருந்து என்னத்தை எடுத்தான், எப்படி அந்த ஒடிந்த முனையை வெளியே கொண்டுவந்தான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தான். எனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வாய் ஓயாதவன், தானே செய்யும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. 'டிக்' என்றது. கதவு திறந்தது. புகைக்குள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தான். தாய்க்காரி குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. நல்ல காற்று பட்டதும் ஊரைக் கூட்டி அழுதது. அதைவிட இனிமையான சத்தம் நான் கேட்டதில்லை.

அப்போதுதான் பார்த்தேன். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் எங்கள் பையைப் பார்த்தார், தம்பியின் கையில் இருந்த கம்பியைப் பார்த்தார்.

"லைசென்ஸ் யார் பேர்ல?"

"என் பேர்லங்க," என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "மூணு மாடி. முட்டி வலிக்குது. நான் ஏறி வர்றதுக்குள்ள கதவு திறந்திருச்சு. யார் திறந்தாங்கன்னு நான் பாக்கல," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் குடும்பத்தோடு நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் அவனைச் சரியாகப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் கரி. நான் ஈரக் கைக்குட்டையால் தேய்த்துத் தேய்த்து அதைப் பெரிதாக்கி வைத்தேன்.

இலவச சட்ட உதவியில் எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா வராந்தாவில் காத்திருந்தாள். சுறுசுறுப்பான பெண். "ரொம்பச் சுலபம். ஜட்ஜம்மா மூணு கேள்விதான் கேப்பாங்க. அந்தப் பொட்டலம் உங்களுதா? ஆமா. தண்டனையை முழுசா அனுபவிச்சீங்களா? ஆமா. அதுக்கப்புறம் ஏதாவது சட்டத்தை மீறினீங்களா? இல்ல. ஆமா, ஆமா, இல்ல. வேற ஒரு வார்த்தை வேண்டாம், சரியா?"

"ஆமா, ஆமா, இல்ல," என்று நான் அவனுக்காகச் சொல்லிப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே போனோம். கூண்டில் ஏறியதும் அவன் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. "கையை வெளிய எடுப்பா," என்று சேவகர் அதட்டினார். எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

எதிர்ப்பக்கத்தில் அரசாங்க வக்கீல் உட்கார்ந்திருந்தார். சளி பிடித்த மனுஷன், மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். எங்கள் மனுவை எதிர்ப்பதுதான் அவர் வேலை. அவரை நான் மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஜட்ஜம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு மனுவைப் பார்த்தார்.

"அந்தப் பொட்டலம் உங்களோடதா?"

"ஆமாம்மா."

"தண்டனையை முழுசா அனுபவிச்சுட்டீங்களா?"

"ஆமாம்மா."

"அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல ஏதாவது சட்டத்தை மீறினது உண்டா?"

இல்லை என்று சொல்லடா. ஒரே ஒரு வார்த்தை. மனதுக்குள் கெஞ்சினேன்.

"உண்டும்மா," என்றான்.

வக்கீலம்மாவின் கையிலிருந்து பேனா விழுந்தது. ஜட்ஜம்மா நிமிர்ந்தார்.

"எப்போ?"

"இன்னிக்குக் காலைல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பா வரும்? வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியை இவனே தூக்கிப் போட்டு உடைக்கிறான். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து இவனே வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறான். எழுந்து போய் இரண்டு அறை வைக்கலாமா என்றிருந்தது.

அவன் சொன்னான். கதவு, குழந்தை, பால், ஒடிந்த கம்பி, எல்லாம். போலீஸ்காரரை மட்டும் சொல்லவில்லை. அந்த மட்டும் புத்தி இருந்தது. "எனக்கு லைசென்ஸ் இல்லம்மா. திறக்கக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் திறந்தேன்."

"இதை யாராவது புகார் பண்ணிருக்காங்களா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் சொன்னீங்க? யாருமே கேக்கலையே?"

"நீங்க கேட்டீங்களேம்மா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பாக்கெட்ல ஒண்ணை ஒளிச்சு வச்சதுனாலதான் இந்த இடத்துக்கு வந்தேன். இன்னொண்ணை ஒளிச்சு வச்சுக்கிட்டு வெளிய போக வேண்டாம்னு பாக்குறேன்."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன். "அம்மா, அவன் மேல தப்பில்ல! நான்தான் கையை எடுடான்னு கத்தினேன். கம்பியை ஒடிச்சதும் நான்தான். வேணும்னா என் லைசென்ஸைப் பிடுங்கிக்கோங்க!"

"நீங்க யாரு?"

"அவனோட அக்கா."

"அது பாத்தாலே தெரியுது. உட்காருங்க," என்றார் ஜட்ஜம்மா. பிறகு எதிர்ப்பக்கம் திரும்பினார். "அரசுத் தரப்பு என்ன சொல்லுது?"

சளி வக்கீல் மெல்ல எழுந்தார். கைக்குட்டையை மடித்து வைத்தார். முடிந்தது கதை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் எதிர்க்கிறதாத்தான் வந்தேன்," என்றார். "ஆனா எனக்கு ஒண்ணு தோணுது. அந்தப் பழைய ரெக்கார்டு இல்லேன்னா இவருக்கு லைசென்ஸ் எப்பவோ கிடைச்சிருக்கும். லைசென்ஸ் இருந்திருந்தா, இன்னிக்குக் காலைல இவர் செஞ்சதுக்குப் பேரு வேலை. கூலி கொடுத்து நன்றி சொல்லி அனுப்பியிருப்பாங்க. இன்னிக்கு அந்த அளவுப் பொட்டலத்துக்கு அபராதம் மட்டும்தான்னு நாமளே சட்டத்தை மாத்திட்டோம். அப்படி இருக்கும்போது இவரைத் திருப்பி அனுப்ப எனக்குக் காரணம் தெரியல. ஆட்சேபம் இல்ல."

சொல்லிவிட்டு ஒரு பெரிய தும்மல் போட்டார். அவருக்கு இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

ஜட்ஜம்மா ஏதோ எழுதினார். ரொம்ப நேரம் எழுதினது போலிருந்தது. நடுவில் நிமிர்ந்து, "குழந்தை நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கும்மா. பால்தான் கருகிடுச்சு," என்றான்.

"மனு ஏற்கப்படுது. ரெக்கார்டை அழிக்க உத்தரவிடறேன்." பிறகு கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் அந்தக் கை பாக்கெட்லயே இருக்கணும். இன்னொரு தடவை என்கிட்ட வந்து உண்டும்மான்னு சொல்லக் கூடாது."

"சரிம்மா."

வெளியே வந்ததும் முதுகில் ஒன்று வைத்தேன். நன்றாகவே வைத்தேன். "உசிரே போயிடுச்சுடா எனக்கு! ஒரு 'இல்ல' சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?" அவன் சிரித்தான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அப்படி வந்தால் நான் அதிகம் திட்டுவேன் என்று அவனுக்குத் தெரியும். பஸ் ஏறும்வரை திட்டு வாங்கிக்கொண்டே வந்தான்.

லைசென்ஸுக்கு எழுதிப் போட்டோம். அது வரும்வரை அவன் சொன்ன சொல் தவறவில்லை. கம்பியைப் பிடித்து நான் படாத பாடு பட்டபோதும் சுவரோரம் நின்று வாயால் மட்டும்தான் சொன்னான். கைவேலைத் தேர்வுக்குப் போன அன்று, சீக்கிரம் முடித்துவிட்டதால் பூட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து வேறு பூட்டுக் கொடுத்தார்களாம். அதையும் திறந்துவிட்டு வந்தான். என் தம்பி!

லைசென்ஸ் வந்த பிறகு முதல் அழைப்பு ஒரு மருந்துக்கடையிலிருந்து. ஷட்டர் பூட்டுச் சிக்கிக்கொண்டதாம். நான் பழக்க தோஷத்தில் பையை எடுத்து, போனைக் காதில் மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டேன்.

"அக்கா," என்றான் பின்னாலிருந்து. "பையைக் குடு."

கொடுத்தேன். அவன் தெருவில் இறங்கி நடந்தான். பை ஒரு கையில். இன்னொரு கை சும்மா வீசிக்கொண்டு போனது. அவன் கை வீசி நடந்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து, இத்தனை காலம் அவன் உட்கார்ந்திருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். முக்காலி ஆடியது. இதைப் பற்றி அவன் ஒரு நாளும் சொன்னதில்லை.

போன் அடித்தது. அவன்தான்.

"என்னடா, திறக்க வரலையா?"

"வருது."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்ட?"

"சும்மாதான். யாரும் திட்டாம எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

"போடா எருமை. ஒழுங்கா வேலையைப் பாரு. ஷட்டர்ல கீறல் விழுந்துச்சு, தொலைச்சுடுவேன்."

"ம். இப்ப கேளு," என்றான். போனைப் பூட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். நான் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு முள்ளாக ஏறுவது கேட்டது. அத்தனை காலம் கதவுக்கு முன்னாலேயே மண்டியிட்டிருந்தும் என் காதில் விழாத சத்தம் அது. கடைசியில் 'டிக்'. ஷட்டர் ஏறும் சத்தம், யாரோ "அப்பாடா, ரொம்ப நன்றி தம்பி" என்று சொன்ன சத்தம்.

போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கடைக்குள் வந்தார். கையில் ஒரு பழைய சாவி.

"இதுக்கு இன்னொண்ணு வெட்டணும்மா. எப்பவும் உட்கார்ந்திருப்பாரே, அந்தத் தம்பி இல்லையா?"

இத்தனை வருஷமும் இந்த முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் 'அக்கா வெளிவேலைக்குப் போயிருக்காங்க' என்று அவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உட்காருங்க ஐயா," என்றேன். "தம்பி வெளிவேலைக்குப் போயிருக்கான்."